கொலுவுக்குப் பக்கத்தில் என் சண்டை மீன்கள்

நம் மீன் வளர்ப்போர் மன்றப் பலகையில் இதை ஒட்டுகிறேன். சிரிப்பவர்கள் தள்ளி நின்று சிரிக்கலாம்.

என் கண்ணாடித் தொட்டியில் பாதி தண்ணீர், பாதி பாசி படர்ந்த பாறை. சிவப்புச் சண்டை மீனையும் நீலத்தையும் சேர்த்து, இரண்டு வருடம் பாடுபட்டு எடுத்த ஊதாக் குஞ்சுகள் அதில் இருந்தன.

பக்கத்தில் என் மனைவி வைத்த தசரா கொலு.

நேற்று நான் வேலையாக நஞ்சன்கூடு போயிருந்தேன். தாம்பூலத்துக்கு வந்த என் மேலதிகாரியின் மனைவி, தொட்டியையும் கொலுவில் சேர்த்து, காவேரி பிறக்கும் தலைக்காவேரி என்று நினைத்துக் கும்பிட்டுச் செப்புக் காசு போட்டாராம். வந்த பெண்களெல்லாம் போட்டார்களாம்.

இன்று காலை செம்பு ஊறிய தண்ணீரில் அத்தனை குஞ்சுகளும் செத்து மிதந்தன.

கடைத்தெருவில் அந்த அம்மாளைப் பார்த்து, குஞ்சுகள் செத்ததைச் சொன்னேன். ஜட்கா வண்டியிலிருந்து இறங்காமலே, "கொலுவுக்கு எதுக்கு உசிரோட மீனு? மண்ணுல பண்ணி வெச்சிருக்கப்படாதோ?" என்றார்.

"வெச்சிருக்கலாம்மா" என்றேன்.

மண் மீனை இணை சேர்த்துக் குஞ்சு எடுக்கத் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.