மச்சானுக்கு ஒரு மிட்டாய்

பஸ் டிப்போவில் அவருக்குத் தொட்டில் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. அவர் ஓட்டும் வண்டியில் ஏறினால் நின்றுகொண்டு வருகிறவனுக்கும் கண் செருகும். பிரேக் போட்டது தெரியாமல் நிற்கும், கிளம்பியது தெரியாமல் கிளம்பும். கைக்குழந்தைக்காரிகள் முன்னால் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அவர் பஸ்ஸுக்காக வெயிலில் காத்து நிற்பார்கள். இதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை, ஆனால் காட்டிக்கொள்ள மாட்டார். யாராவது "தொட்டிலு!" என்று கூப்பிட்டால், இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று காது கேளாத மாதிரி நடப்பார்.

அந்தப் பெயரைப் பறித்தது வேறு யாருமில்லை, சொந்த மச்சான்.

மனைவியின் அண்ணன் அவர். அதே டிப்போவில் ஷிப்ட் போடும் அதிகாரி. யார் எந்த வண்டியை எடுப்பது, யாருக்கு எந்த ரூட் என்பதெல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். ஆள் தொந்தியும் தொப்பையுமாக, சிரித்த முகம். நாலு பேர் இருக்கும் இடத்தில் ஐந்தாவது ஆளை மட்டம் தட்டினால்தான் அவருக்குச் சாப்பிட்டது செரிக்கும். அவருக்கும் சர்க்கரை வியாதி, மாப்பிள்ளைக்கும் சர்க்கரை வியாதி. டிப்போவில் பாதிப் பேருக்கு உண்டு. நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, கிடைத்த நேரத்தில் கிடைத்த சாப்பாடு, வழியில் கழிப்பறை இல்லை என்று தண்ணீர் குடிக்கப் பயம், தூக்கம் வராமலிருக்கப் பாகு போல டீ. வராமல் என்ன செய்யும்?

வருடத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. அதில் தேறாதவன் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. இதற்கு டிப்போவே ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தது: பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் பட்டினி. மற்ற நாளெல்லாம் இஷ்டத்துக்குத் தின்றுவிட்டு, அந்த இரண்டு நாள் மட்டும் பச்சைத் தண்ணீர், மாத்திரை, ஓட்டம். வெறும் வயிற்றில் எடுக்கும் ரத்தம் பரம சாதுவாக இருக்கும். இந்த வித்தையைத் தொட்டிலுக்குக் கற்றுக்கொடுத்த குரு மச்சான்தான்.

"ரெண்டு நாள் வாயக் கட்டு மாப்ள. மாத்திரைய மட்டும் விடாத. நான் எத்தன வருஷமா தேறிக்கிட்டு வரேன், பாத்தியா?"

பாவம், தொட்டில் நம்பினார். பட்டினியோடு மாத்திரையும் போட்டுக்கொண்டு, ரத்தம் கொடுக்கும் முன் ஒரு நடை ஓட்டிவிட்டு வந்துவிடலாம் என்று வண்டியை எடுத்தார். பாதி வழியில் கை நடுங்கியது. சட்டை நனைந்தது. சாலை இரண்டாகத் தெரிந்தது. அந்த நிலையிலும் வண்டியை ஓரம் கட்டி, ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லாமல் நிறுத்திவிட்டுத்தான் ஸ்டியரிங் மேல் சாய்ந்தார். யாரோ கேட்டதற்கு வாய் குழறியது. இறங்கி நின்றபோது கால் தள்ளாடியது.

முதலில் வந்து சேர்ந்தது மச்சான். பார்த்த மாத்திரத்தில் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது, அதில் சந்தேகமே வேண்டாம். பட்டினி போடச் சொன்னது யார் என்ற கேள்வி வந்தால் எங்கே வந்து நிற்கும் என்பதும் புரிந்தது. அத்தனை பயணிகளுக்கும் நடுவில் நின்று போனில் சொன்னார்:

"குடிச்சிருக்கான் சார். நிக்கக்கூட முடியல."

ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். ஒரு சொட்டு மது இல்லை. அதனால் வேலை தப்பியது. ஆனால் சர்க்கரை கட்டுக்குள் வரும்வரை ஸ்டியரிங் கிடையாது என்று சாவி அறையில் உட்காரவைத்தார்கள். சுவர் முழுக்க ஆணி, ஆணிக்கு ஒரு சாவி. வருகிறவனுக்கு எடுத்துக் கொடுத்து, திரும்பி வந்ததும் மாட்டவேண்டும். அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். தொட்டில் என்ற பெயர் போய், தள்ளாட்டம் என்று வந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

"தள்ளாட்டம், பத்திரமா குடுப்பா. கீழ போட்டுடாத!"

ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டிப் பார்த்தார். சிரிப்பவன் சீட்டைப் படிக்கமாட்டான். மச்சான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேச்சு அன்றோடு நின்றிருக்கும். மச்சானோ அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

வீட்டில் மனைவி சமாதானம் சொன்னாள். "அண்ணன் வாய்தாங்க அப்படி. மனசுல ஒண்ணும் கிடையாது."

"மனசுல இல்லாதது வாய்க்கு எங்கேருந்து வந்துச்சு?"

தொட்டில் அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தார். மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிப்பது. பிடித்த பிறகு, இந்த மச்சானை அத்தனை பேருக்கும் நடுவில் நிற்கவைத்து வாயாலேயே உண்மையைக் கக்கவைப்பது. உயிர் மேல் ஆசைப்பட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்கள் உண்டு, பிள்ளைகளுக்காகப் பார்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. இவர் மச்சானுக்காகப் பார்த்துக்கொண்டார்.

டாக்டரம்மா கறாரான ஆள். பட்டினி கதையைக் கேட்டதும் பேனாவை வைத்துவிட்டார்.

"மாத்திரையும் போட்டுட்டுச் சாப்பிடாமலும் இருந்தா சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போகாம என்ன பண்ணும்? உசுரோட உக்காந்திருக்கீங்களே, அதுவே பெரிசு. நேரத்துக்குச் சாப்பிடுங்க. தட்டுல பாதி காய் இருக்கட்டும். மீதியில ஒரு பங்கு பருப்போ முட்டையோ மீனோ. இன்னொரு பங்குதான் சோறு. சாப்பிட்டதும் சாயாதீங்க, நடங்க. தசை வேலை செஞ்சா சர்க்கரைய அதுவா இழுத்துக்கும்." மாத்திரையை மாற்றி எழுதிக்கொடுத்தார். சட்டைப் பையில் எப்போதும் மிட்டாய் இருக்கவேண்டும், கை நடுங்கினால் உடனே வாயில் போடவேண்டும் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார். "இனிமே உங்க டிப்போவுக்கு வேற டெஸ்ட். மூணு மாசச் சராசரி. ரெண்டு நாள் நல்ல பிள்ளையா நடிச்சா அது ஏமாறாது."

தொட்டிலுக்கு அங்கேயே பளிச்சென்று ஒன்று தோன்றியது. வெளியே சொல்லவில்லை.

அப்புறம் பார்க்கவேண்டுமே அவரை! மதியம் சாப்பிட்டு முடித்து மற்றவர்கள் பெஞ்சில் மல்லாந்தால், இவர் வரிசையாக நிற்கும் பஸ்களைச் சுற்றி விறுவிறுவென்று நடப்பார். வைக்கிற ஒவ்வொரு அடியையும் மச்சான் தொந்தி மேல் வைப்பதாக நினைத்துக்கொள்வார். கால் வலி தெரியவே தெரியாது. சாவி அறைக்குப் பின்னால் கிடந்த பழைய டயரைத் தூக்கி நிறுத்துவார், படுக்கவைப்பார், மறுபடி தூக்குவார். "தள்ளாட்டம் இப்ப ஓட்டமாயிடுச்சுடா" என்று பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு சுற்று போவார். டீக்கடையில் பாகு டீயின் வாசனை வந்து மூக்கைப் பிடித்து இழுக்கும் நாட்களும் உண்டு. அப்போது "நிக்கக்கூட முடியல" என்ற அந்தப் போன் பேச்சை மனதுக்குள் ஓடவிடுவார். நாக்கு அடங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மச்சான் தங்கை வீட்டுக்குச் சாப்பிட வருவது வழக்கம். முதல் வாரமே மாப்பிள்ளையின் தட்டைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏன் மாப்ள, தோட்டத்துல எங்களுக்கு ஏதாவது விட்டு வெச்சிருக்கியா, இல்ல மொத்தத்தையும் நீயே மேஞ்சுட்டியா?"

தொட்டில் கோபப்படவில்லை. எழுந்து சோற்றுக் கரண்டியை வாங்கி, மச்சான் தட்டில் தன் கையால் மலை போலக் குவித்தார். "நீங்க நல்லா சாப்பிடுங்க மச்சான்." கடைசியில் இனிப்பையும் கிண்ணத்தோடு நகர்த்திவைத்தார். மச்சானுக்கு வாயெல்லாம் பல். "பரவால்லயே, மாப்ளைக்கு மரியாதை வந்துடுச்சே!"

வாராவாரம் இதே உபசாரம். மனைவி ஒருநாள் அடுப்படியில் மறித்தாள். "அண்ணனுக்கும் சுகர் இருக்குங்க. நீங்க பாட்டுக்கு அள்ளி அள்ளி வெக்கிறீங்க."

"வேண்டாம்னு அவர் ஒருதடவ சொன்னா வெக்கல" என்றார். உண்மைதான், மச்சான் ஒருதடவைகூடச் சொன்னதில்லை.

பரிசோதனை மாறிவிட்டது என்ற அறிவிப்பு டிப்போ பலகையிலேயே இருந்தது. அதை ஒட்டியது சாட்சாத் மச்சான். அறிவிப்பெல்லாம் டிரைவர்களுக்கு, தனக்கில்லை என்பது அவர் எண்ணம், அதனால் ஒட்டினாரே தவிரப் படிக்கவில்லை. இந்த வருடம் அவருக்கு அந்தப் பரிசோதனை உயிர்போகிற விஷயம். புது டிரைவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர் பதவிக்கு மனுப் போட்டிருந்தார், அதற்கும் ரத்தம் தேறவேண்டும். தொட்டில் தினமும் பலகையைக் கடந்து போனார், தினமும் மச்சானுக்கு வணக்கம் சொன்னார். அதற்கு மேல் ஒரு எழுத்துச் சொல்லவில்லை.

நாள் வந்தது. மச்சான் வழக்கம்போல இரண்டு நாள் வாயைக் கட்டி, ஒட்டிய வயிறும் கெத்துமாக வந்து கையை நீட்டினார். தொட்டில் வீட்டில் நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டு வந்து நீட்டினார். முடிவு வந்தபோது தொட்டில் தேறியிருந்தார். மச்சானின் ரத்தம், தின்ற மலைகளை ஒன்று விடாமல் சொல்லிவிட்டது. பதவி தள்ளிப்போனது, மறுபரிசோதனைக்கு வரச்சொன்னார்கள், மாத்திரையைக் கூட்டினார்கள்.

அப்போதாவது டாக்டரம்மா சொன்னதைக் கேட்டிருக்கலாம். பழகின புத்தி விடவில்லை. இரண்டு நாள் பட்டினியில் இறங்குகிற சர்க்கரை, மாதக்கணக்கில் பட்டினி போட்டால் சராசரியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வராதா என்று கணக்குப் போட்டார். கூட்டிய மாத்திரையைப் போட்டுக்கொண்டு, காலைச் சாப்பாட்டை நிறுத்தினார்.

தொட்டில் மறுபடி ஸ்டியரிங்குக்குத் திரும்பும் நாள். சாவி அறைக்குப் புது ஆள் இன்னும் வரவில்லை, அதுவரை ஷிப்ட் அதிகாரியே சாவி கொடுக்கவேண்டும். தேய்த்த சட்டையோடு தொட்டில் போய் நின்றார். ஜன்னலுக்கு முன்னால் கூட்டம். உள்ளே மச்சான் சாவியை எடுப்பதும், தப்பான ஆணியில் மாட்டுவதும், மறுபடி எடுப்பதுமாக இருந்தார். மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ குழறினார். எழுந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னடா, சார் காலங்காத்தாலயே போட்டுட்டாரா?"

"வாடையே காணோமேடா."

"ஆபீசர் சரக்குடா, வாடை வராது."

ஜன்னலே குலுங்கச் சிரித்தார்கள். அது என்னவென்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். தொட்டில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். மச்சானைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். பையிலிருந்து மிட்டாயை எடுத்துக் காகிதத்தைப் பிரித்தார். மச்சான் வாயைத் திறந்தார்.

தொட்டில் கொடுக்கவில்லை. உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"அன்னைக்கு நான் குடிச்சிருந்தேனா மச்சான்?"

"மாப்ள... குடு..."

"குடுக்கறேன். குடிச்சிருந்தேனா?"

மச்சானின் கண் மிட்டாயை விட்டு நகரவில்லை. "இல்ல."

"சத்தமா."

"இல்லடா! குடிக்கல! சுகருடா அது! பட்டினி கிடக்கச் சொன்னவனே நான்தான்!"

வெளியே சிரிப்பு நின்றது. தொட்டில் மிட்டாயை வாயில் வைத்தார், இன்னொன்றையும் பிரித்து வைத்தார், சர்க்கரை கரைத்துக் கொண்டுவரச் சொல்லித் தன் கையாலேயே புகட்டினார். நடுக்கம் அடங்கும்வரை தலையைத் தாங்கிக்கொண்டு நின்றார். பிறகு ஆணியிலிருந்து தன் சாவியைத் தானே எடுத்துக்கொண்டு வண்டிக்கு நடந்தார். நெஞ்சு குளிர்ந்திருந்தது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, நன்றாகவே குளிர்ந்திருந்தது. அன்றைக்கும் அவர் பஸ்ஸில் குழந்தைகள் தூங்கின.

சாயங்காலத்துக்குள் செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது. மனைவி வாசலிலேயே கேட்டாள். "மிட்டாய உடனே குடுத்தீங்களா?"

"குடுத்தேன்ல?"

"உடனேயான்னு கேட்டேன்."

அவர் குனிந்து ஷூவைக் கழற்றினார். கழற்றி முடிக்க வெகுநேரம் ஆனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் மச்சான் வந்தார். தங்கை இரண்டு பேர் தட்டிலும் பாதிக்குக் காய் வைத்தாள். சாப்பிட்டு எழுந்து தொட்டில் நடக்கக் கிளம்பியபோது, கூப்பிடாமலே மச்சானும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார். தெருமுனை தாண்டுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

"கொஞ்சம் மெதுவா போ மாப்ள."

"மெதுவா போனா எறங்காது மச்சான்" என்று சொல்லிவிட்டுத் தொட்டில் நடையை இன்னும் எட்டிப் போட்டார்.

எதிரே டிப்போ பஸ் ஒன்று வேகம் குறைத்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினான். "தொட்டிலு! பின்னாடி யாரு, தள்ளாட்டமா?"

பஸ்ஸின் ஜன்னலெல்லாம் சிரித்தது. மச்சான் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். அப்படிக் கூப்பிடாதடா என்று ஒரு வார்த்தை மாப்பிள்ளை சொல்லுவார் என்று காத்து நின்றார்.

தொட்டில் காது கேளாத மாதிரி நடந்தார்.