கதவு பார்க்கும் பக்கம்

நான் வேலை செய்த வீட்டு அம்மாவைச் சின்யோரா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய குசினிச் சுவரில், அடுப்புக்கு மேலே, ஒரு வீட்டின் படம் மாட்டியிருந்தது. முழு மரங்களைக் கோடரியால் செதுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்குகளில் களிமண் அப்பிய சின்ன வீடு. முதல் நாள் பார்த்தபோது மாட்டுக்கொட்டிலாக்கும் என்று நினைத்தேன். “நான் பிறந்த வீடு” என்றார் அவர். நல்ல காலம், நான் வாய் திறக்கவில்லை.

தொண்ணூறுகளில், இத்தாலியில், பலெர்மோவின் பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் தனியாக இருந்த அந்த அமெரிக்க மனுசியை நான்தான் பார்த்துக்கொண்டேன். அவருடைய பூட்டனார் அப்பலாச்சியா மலைக்குள் காடு வெட்டிக் குடியேறியபோது கட்டிய வீடு அது. அங்கே நிலக்கரி வெட்டப் போன குடும்பத்துச் சிசிலிக்காரர் ஒருவரைக் கட்டி, அவரோடு பலெர்மோவுக்கு வந்தவர், கணவர் செத்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டார். அந்த மலையில் வீட்டுக்கு எதிரே உள்ள மேட்டில்தான் தங்கள் சனத்தைப் புதைப்பார்களாம். அவருடைய தாய் அங்கேதான் கிடந்தார். காலையில் கதவைத் திறந்தால் முதலில் தெரிவது அந்த மேடு. கடைசிக் காலத்தில் அந்த வீட்டுக்குப் போய், தாயின் பக்கத்திலேயே அடங்கிவிட வேண்டும். வேறு ஆசை எதுவும் அவருக்கு இருந்ததாக எனக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்தை விட்டு எங்கள் சனம் இடம்பெயர்ந்த அடுத்த வருஷம் அவருடைய தம்பி தொலைபேசியில் சொன்னார்: காணியை விற்றாயிற்று. ஆனால் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மரங்களுக்கு இலக்கமிட்டுக் கழற்றி, உல்லாசப் பயணிகள் வரும் ஓர் ஊரில் அப்படியே திரும்பப் பொருத்திப் பூட்டியிருக்கிறார்கள். சின்யோரா இதைச் சொன்னபோது அவருடைய முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. எனக்கோ ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வீடு ஷெல்லுக்குத் தப்பினாலும் கதவும் ஓடும் மிஞ்சாதே!

போர்கோ வெக்கியோவில் எங்கள் அறைக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். “இஞ்சேருங்கோ, சின்யோராவின்ர வீட்டை ஒரு மரமும் உடையாமல் கழட்டி வேற ஊரிலை பூட்டியிருக்கினமாம்!”

“மெய்யாவோ? எங்கட வீட்டையும் உப்பிடிக் கழட்டி இஞ்சை கொண்டுவர ஏலுமெண்டால், கிணத்தையும் சேர்த்தெல்லோ கட்டச் சொல்லுவன்” என்று சிரித்தார்.

வீடு புது இடத்துக்குப் போனால் குடிபூரல்தானே, பால் காய்ச்ச வேண்டாமா? மறுநாள் காலை சின்யோராவின் அடுப்பில் பால் வைத்துப் பொங்கி வழியவிட்டேன். பதறிக்கொண்டு வந்தவரிடம் எனக்குத் தெரிந்த இத்தாலியனில் விளங்கப்படுத்தினேன். அவர் ஒரு வாய் குடித்தார். பிறகு எழுந்துபோய்த் தம்பியை அழைத்து ஏதோ கேட்டார். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தார்.

“கதவு எந்தப் பக்கம் பார்க்குது எண்டு கேட்டன். கார் நிப்பாட்டுற இடத்தைப் பார்க்குதாம். காணி வாங்கினவை மேட்டுக்குப் போற பாதையையும் அடைச்சிட்டினமாம்” என்றார். “இனிக் கதவைத் திறந்தால் அம்மா தெரியமாட்டா.”

ஐயோ, அன்று அவர் அழுத அழுகை! அதன் பிறகு ஊருக்குப் போகிற கதையை அவர் எடுக்கவே இல்லை. சில வருஷங்களில் பலெர்மோவிலேயே போய்ச் சேர்ந்தார். கணவரின் ஆட்களுடைய கல்லறையில் வைத்தார்கள்.

சண்டை முடிந்து ஊருக்குப் போனபோது எங்கள் வளவில் ஒரு சுவர்கூட இல்லை. வெறும் அத்திவாரம்தான். “இதிலைதானே குசினி” என்று கணவர் காட்டினார். அந்த இடத்தில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதேன். அழும்போதே சின்யோராவின் நினைவு வந்தது. பாவம் அந்த மனுசி. அவருக்கு வீடு முழுசாக இருந்தது. போய் இருந்து அழத்தான் இடம் இல்லாமற் போயிற்று.