ஒரு சாண், மூன்று விரல்

எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல், கணக்கு இரண்டும் நான்தான் எடுக்கிறேன். சூரியக் குடும்பம் பாடம் வந்தால் எனக்குக் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருக்கும். படத்தில் சூரியன் ஓர் ஓரத்தில் நிற்கும், எட்டுக் கோள்களும் ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். பிள்ளைகள் அந்த வரிசையை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடுவார்கள். "சரி, சூரியன் கோளா, நட்சத்திரமா?" என்று கேட்டால் பாதி வகுப்பு கோள் என்று கத்தும். இவ்வளவுக்கும் இவர்களுடைய அப்பா அம்மா எல்லாம் அந்த ஒரு நட்சத்திரத்தை நம்பித்தான் உப்பு விளைக்கிறார்கள்.

அதனால் இந்த வருடம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சூரியனையே கொண்டு நடத்தலாம் என்று முடிவு செய்தேன். பூமி சாய்ந்து சுற்றுவதால் சூரியன் உச்சிக்கு வரும் இடம் ஜூன் மாதம் வரை வடக்கே கடகரேகை நோக்கிப் போகும், பிறகு தெற்கே திரும்பும். போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை எங்கள் ஊர் மரக்காணத்தின் தலைக்கு நேர் மேலே வரும். அந்த இரண்டு நாள் உச்சியில் மட்டும், நட்டு வைத்த குச்சிக்கு நிழலே இருக்காது. முதல் நாள் ஏப்ரலில் வருகிறது. அப்போது பரீட்சையும் லீவுமாகப் போய்விடும். ஆகஸ்டில் வருவதுதான் எங்களுக்கு வாய்த்தது.

அன்றைக்கே வடக்கில் வேறோர் ஊரில் யாராவது குச்சி நட்டு, அதன் நிழலை அளந்து சொன்னால், சூரியன் அவர்களுக்கு எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று தெரியும். அதையும் இரண்டு ஊருக்கும் இடையே உள்ள தூரத்தையும் வைத்துப் பூமியின் சுற்றளவையே போட்டுவிடலாம். "வடக்கே யாருப்பா இருக்காங்க நமக்கு?" என்று வகுப்பில் கேட்டேன். சென்னை என்றார்கள். அது ரொம்பப் பக்கம், ஒரு பாகைகூட வராது. டெல்லி என்றார்கள். டெல்லியில் எங்களுக்கு ஒரு ஈ காக்கையையும் தெரியாது. முதல் பெஞ்சில் ஒரு பெண் உண்டு, அவள் அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறாள். கணக்கிலும் வாயிலும் கெட்டி. அவள் எழுந்து, "டீச்சர், உங்க வீட்டுக்காரு துபாய்லதான இருக்காரு?" என்றாள்.

வகுப்பே சிரித்தது. நான் முகத்தை மறைக்க அட்லஸைப் பிரித்தேன். துபாய் எங்களுக்கு மேற்கேயும் இருக்கிறது, பதின்மூன்று பாகை வடக்கேயும் இருக்கிறது. மேற்கே இருப்பதால் உச்சிப்பொழுது அங்கே தாமதமாக வரும், அவ்வளவுதான். கடகரேகையைத் தாண்டிய ஊர் என்பதால் அங்கே நிழலில்லாத நாள் என்று ஒன்று கிடையவே கிடையாது. நடு மதியத்திலும் கூட நிழல் ஒன்று இருக்கிறதே அவருக்கு, அதுவாவது துணை என்று நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் போய் ஆறு வருடம் ஆகிறது. இங்கே உப்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், கோட்டக்குப்பத்தில் ஒருவர் மூலமாக விசா கிடைத்துப் போனார். அப்போது எங்கள் மகளுக்கு ஒரு வயது. அங்கே ஒரு கம்பெனியில் வேலையாட்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டுகிறார். நடுவில் ஒரே ஒருமுறை வந்தார், அதற்கும் மூன்றரை வருடம் ஓடிவிட்டது. தினமும் போன் உண்டு. "சாப்டியா?" "சாப்டேன். நீங்க?" "ஆச்சு. மழையா அங்க?" "இல்ல, மூட்டமா இருக்குது." இதற்குமேல் எங்களுக்கு ஒன்றும் இருப்பதில்லை. சண்டை இருந்தாலாவது கொஞ்ச நேரம் பேசலாம், அதுவும் கிடையாது. மிச்சத்தை மகள் பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள்.

உண்மையைச் சொல்வதென்றால், பூமியின் சுற்றளவு ஒரு சாக்குதான். அந்த மனிதரோடு புதிதாக ஒரு விஷயம் பேச வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஏக்கம் இருந்தது. அன்று ராத்திரி அவரிடம் சொன்னேன்.

"குச்சி நட்டு நிழல அளக்கணுமா?" என்றார். "என்னா இது, பசங்க செய்ற வேல?"

"பசங்களுக்காகத்தாங்க. உங்க ஊர்ல மதியானம் பன்னண்டு இருவதுக்கு. அப்ப எங்க இருப்பீங்க?"

"சைட்லதான் நிப்பேன். இங்க வெயில் காலத்துல மதியானம் வெளி வேல கெடையாது. பன்னண்டரைக்கு ஆளுங்கள ஏத்தணும்."

"அப்ப சும்மாதான நிப்பீங்க?"

"ஆமா, நீ சொன்னா சும்மாதான்" என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. குச்சி சாயக் கூடாது, தரை சமமாக இருக்க வேண்டும், நிழல் குறைந்து குறைந்து வந்து நிற்கும் இடத்தில் அளக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்வதுபோலவே ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவரும் நடுவில் வெட்டாமல் கேட்டார். போனை வைத்தபோது அரை மணி நேரம் ஆகியிருந்தது.

அந்த நாள் காலையில் வானம் மூடிக்கொண்டு கிடந்தது. பள்ளி மைதானம் மேடு பள்ளம் என்பதால் பிள்ளைகளை உப்பளத்துக்கு அழைத்துப்போக ஏற்பாடு செய்திருந்தேன். தண்ணீர் நிற்க வேண்டிய இடம் என்பதால் பாத்தியின் தரை அப்படி மட்டமாக இருக்கும். உப்பு வாரி முடித்துக் காயவிட்டிருந்த பாத்தி ஒன்றை முதலாளி கொடுத்தார். வேலையாட்கள் விடியலில் வந்து வெயில் ஏறும்முன் போய்விடுவார்கள், ஆனால் அந்தப் பெண்ணின் அம்மா மட்டும் போகாமல் வரப்பில் நின்றாள். "நெழல் காலடிக்குப் போறதுக்குள்ள நாங்க வீட்டுக்குப் போய்டுவோம், டீச்சர். அது அங்க போய் இன்னா பண்ணுதுன்னு நின்னு பாத்ததில்ல" என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு மேகம் விலகியது. சுற்றி எல்லாம் உப்பு, கண்ணைத் திறக்க முடியவில்லை. பன்னிரண்டேகாலுக்குக் கொஞ்சம் முன்னால் குச்சியின் நிழல் அதன் அடிக்குள் போயேவிட்டது. பிள்ளைகள் ஓவென்று கத்திக்கொண்டு தங்கள் காலடியைப் பார்த்துக் குதித்தார்கள். நானும் குனிந்து பார்த்தேன், என் நிழலும் என் செருப்புக்கடியில்தான் கிடந்தது. இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் இதே சூரியன் அவர் தலைக்குப் பக்கத்தில் போகும் என்று நினைத்தேன், அதற்கு மேல் பிள்ளைகளின் சத்தம் என் காதில் விழவில்லை.

ஒன்றே முக்காலுக்குப் பிறகு ஸ்டாஃப் ரூமில் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்கு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் ஆட்கள் இந்தியில் ஏதோ கேட்டுச் சிரிக்கிறார்கள். "பஸ் தொடைக்கிற மாப்பு குச்சி. நூத்தி இருவது சென்டிமீட்டர்னு ஸ்டிக்கர்லயே போட்டிருக்குது. ஒரு நேபாளக்காரன் சாயாம புடிச்சிக்கினான். நெழலு ஒரு சாண், மூணு வெரலு."

உடனே கூப்பிட்டேன். "சாண்ல சொன்னா எப்படிங்க? சென்டிமீட்டர்ல வேணும்."

"இங்க ஸ்கேலு எங்க இருக்குது? ஏன், என் சாண் உனக்குத் தெரியாதா? போட்டுக்கோ." ஹாரன் அடித்தது, ஆட்கள் ஏறுகிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. ஏர்போர்ட்டில் கடைசியாக அவர் என் தலையில் கை வைத்தது ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று என் கையை என் தலையில் வைத்துப் பார்த்தேன். அவர் கை நெற்றி வரைக்கும் வந்ததா, வகிட்டோடு நின்றுவிட்டதா? ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்திருந்தது தெரியும். சூடு தெரியும். அளவு மட்டும் போய்விட்டது. "உங்க சாண் எத்தனை சென்டிமீட்டர்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்துபோயிருக்கும். ஆனால் தெரியாதா என்று அவர் கேட்ட பிறகு, தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டிக்கொண்ட புருஷனின் கை மறந்துபோச்சு என்று எந்த வாயால் சொல்வது?

அன்று ராத்திரி வீடியோ காலில் ஒரு தந்திரம் செய்தேன். "பாப்பாக்குக் கைய காட்டுங்க" என்றேன். அவர் விரலை விரித்து கேமரா முன்னால் வைத்தார். என் மகள் தன் கையைத் தூக்கி போன் மேல் வைத்தாள். போன் திரைக்குள் சுருங்கி வந்ததில் இரண்டு கையும் ஒரே அளவாக இருந்தன. "எங்க கை ஒண்ணும்மா!" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். நான் அடுப்பைப் பார்க்கிற மாதிரி எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் வகுப்பில் வேறு வழியில்லாமல் என் சாணையே வைத்துக் கணக்குப் போட்டேன். பதினெட்டு சென்டிமீட்டர்தான் இருக்கும் என் சாண். நிழல் சுருங்கினால் பாகை குறையும், பாகை குறைந்தால் பூமி பெருத்துவிடும். புத்தகத்தில் பூமியின் சுற்றளவு நாற்பதாயிரம் கிலோமீட்டர் என்று இருக்கிறது, எங்களுக்கு நாற்பத்தொன்பதாயிரம் வந்தது.

"டீச்சர், பூமி ஊதிப்போச்சு!" என்று கடைசி பெஞ்சில் ஒரு குரல். முதல் பெஞ்சுப் பெண் விடவில்லை. "அது உங்க கை டீச்சர். அவரு கை பெருசா இருக்கும்ல? எவ்ளோ பெருசு?"

"வாய மூடிட்டு எழுது" என்று சுள்ளென்று விழுந்தேன். அவள்மேல் தப்பே இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பீரியட் முடியும்வரை அவள் நிமிர்ந்து பார்க்காமல் நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டே இருந்தாள்.

மணி அடித்த பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். ஒரு முக்கோணம் போட்டிருந்தாள். "டீச்சர், திட்டாதீங்க. குச்சியையும் அவரு சாண்லயே அளக்கச் சொன்னா போதும். குச்சி எத்தினி வெரல், நெழல் எத்தினி வெரல்னு தெரிஞ்சா பாகை வந்துடும். அவரு கை எவ்ளோன்னு நமக்குத் தேவையே இல்ல."

கணக்கு டீச்சர் நான், எனக்கு அது தோன்றவில்லை. அவளைப் பிடித்து முதுகில் தட்டிக்கொடுத்தேன். அவருக்கு மெசேஜ் போட்டேன், இடைவேளைக்குள் பதில் வந்துவிட்டது. குச்சி அஞ்சு சாண், அஞ்சு விரல். சாணுக்குப் பன்னிரண்டு விரல் என்று வைத்தால் குச்சி அறுபத்தைந்து, நிழல் பதினைந்து. கடைசிப் பீரியடில் அதே விகிதத்தில் போர்டில் முக்கோணம் வரைந்தோம். அந்தப் பெண்தான் பெரிய பாகைமானியை வைத்துப் பார்த்தாள். பதின்மூன்று. இரண்டு ஊருக்கும் இடையே வடக்கு தெற்காக எவ்வளவு தூரம் என்று அட்லஸில் ஸ்கேல் வைத்து ஏற்கெனவே அளந்து வைத்திருந்தார்கள். பெருக்கி வகுத்தால் பூமியின் சுற்றளவு நாற்பதாயிரத்தை ஒட்டி வந்து நின்றது. ஒரு உப்புப் பாத்தியையும் ஒரு மாப்பு குச்சியையும் வைத்து எட்டாம் வகுப்பு பூமியை அளந்துவிட்டது. மேசையைத் தட்டிய தட்டில் ஹெட்மாஸ்டரே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அவள் சொன்ன கடைசி வார்த்தைதான் ஓடிக்கொண்டிருந்தது. தேவையே இல்லை. பூமியை அளந்தாயிற்று, சூரியன் சரியாக வந்து போயிற்று, எல்லாம் அவர் கை தெரியாமலேயே நடந்துவிட்டது. நானும் அப்படித்தான் நடத்திக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. மகள் படிக்கிறாள், வீடு ஓடுகிறது, ஒன்றும் நிற்கவில்லை.

எட்டு மணிக்கு அவர் கூப்பிட்டார். சாப்டியா என்று கேட்கவில்லை. "வந்துச்சா? சரியா வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சு. கரெக்டா வந்துச்சு. பசங்க ஆடிட்டாங்க."

"பாத்தியா, என் சாண்! உனக்குத் தெரியும்னு சொன்னேன்ல?"

மகள் போனுக்குக் கை நீட்டினாள். கொஞ்சம் இரு என்று அவளைத் தள்ளிவிட்டு வெளியே வந்தேன்.

"எனக்குத் தெரியலங்க" என்றேன். "நேத்தே சொல்லியிருக்கணும். உங்க கை எவ்ளோ இருக்கும்னு மறந்துபோச்சு. கணக்குக்கு அது தேவையில்லன்னு ஒரு பொண்ணு கண்டுபுடிச்சிட்டா, அதனால முடிஞ்சிது. கணக்குக்கு வேணாம். எனக்கு வேணும்."

"நேத்து அந்த வெயில்ல நின்னுட்டு ஒண்ணு யோசிச்சேன்" என்றார். "உன் தல எனக்குத் தோள் வரைக்கும் வருமா, காது வரைக்கும் வருமான்னு. எவ்ளோ நேரம் யோசிச்சும் வரல. உனக்குத் தெரியுமா?"

"தெரியலியே" என்றேன்.

"எனக்கும் தெரியல" என்றார். "வந்து பக்கத்துல நின்னாதான் தெரியும்."