வெள்ளையாக விட்ட எழுத்துகள்

என் அலுமாரியின் மேல் தட்டில் பன்னிரண்டு உயிரெழுத்துகளும் வெள்ளையாகக் கிடக்கின்றன. அணில் பச்சையாக இருக்கிறது. ஆடு ஊதாவாக இருக்கிறது. ஈ நல்ல ரோஸ் நிறத்தில், கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டதுபோல இருக்கிறது. அவற்றுக்குப் பக்கத்தில் பெரிதாக, கரை மட்டும் போட்டு உள்ளே வெறுமையாக அச்சடித்த எழுத்துகளில் ஒரு கீறலும் இல்லை. பார்க்கிறவர்கள், பிள்ளை படத்துக்கு மட்டும் கலர் அடித்துவிட்டு எழுத்துக்குக் கள்ளம் அடித்திருக்கிறாள் என்று நினைப்பார்கள். அவள் சொல் கேட்ட பிள்ளை. எழுத்தைத் தொடக்கூடாது என்று சொன்னவர்கள் நாங்கள்தான்.

அவள் என் தங்கையின் மகள். தாயும் மகளும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் என் பிளாட்டில் தங்கியிருந்தார்கள். தங்கையின் கணவர் கனடாவில் இருக்கிறார்; அவர் ஸ்பொன்சர் செய்த விசா வரும்வரைக்கும் என்று பேச்சு. எங்கள் கட்டடத்தில் மாடிக்கு ஒரு குடும்பமாவது இப்படிக் காத்திருக்கும். லிப்டில் சந்தித்தால் “எப்ப வந்தனீங்கள்?” என்று எவரும் கேட்பதில்லை, “எப்ப போறீங்கள்?” என்றுதான் சுகம் விசாரிப்பார்கள். நான் எங்கேயும் போகிறவள் இல்லை. கல்யாணம் செய்யவில்லை. காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் வேலை, கடற்கரைப் பக்க ஒழுங்கையில் இரண்டு அறை வீடு. அந்த இரண்டாவது அறையில் அதுவரை இஸ்திரிப் பலகையும் பழைய பேப்பர்க் கட்டுகளும்தான் குடியிருந்தன. இவர்கள் வந்த பிறகு அங்கே ஈரத் துவாய் கிடந்தது, சின்னச் செருப்புக் கிடந்தது, யாரோ ஒருத்தி எந்நேரமும் ஏதோ ஒரு பாட்டைப் பிழையாகப் பாடிக்கொண்டிருந்தாள். வேலை முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவரும் பழக்கம் எனக்கு அப்போதுதான் வந்தது.

பிள்ளைக்கு நாலு வயது. இன்னும் ஏடு தொடக்கவில்லை. விஜயதசமியன்று பிள்ளையை மடியில் இருத்தி, தட்டில் பச்சரிசி பரப்பி, விரலைப் பிடித்து முதல் அ-வை எழுதுவிப்பதைத்தான் நாங்கள் ஏடு தொடக்குவது என்போம். அது நடக்கும்வரை பிள்ளை எழுத்தில் கை வைக்கக்கூடாது. முந்தின வருடம் எல்லாம் ஒழுங்கு செய்திருந்த நேரத்தில் எங்கள் சித்தப்பா மோசம் போய்விட்டார். சாவுத் துடக்கு உள்ள வீட்டில் நல்ல காரியம் செய்வதில்லை. ஏடு அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது.

என் தங்கை விஞ்ஞானப் பட்டதாரி. பல்லி விழுந்தால் தட்டிவிட்டுப் போகிறவள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவளை அசைக்க முடியவில்லை. பிள்ளையை ஒழுங்கை முனையிலிருந்த மொண்டிசூரியில் விட்டிருந்தோம். அங்கே அவள் ஏ, பி, சி எல்லாம் எழுதித் தள்ளினாள். அதற்குத் துடக்கும் இல்லை, விஜயதசமியும் இல்லை, வெள்ளைக்காரனுக்கு நல்ல வசதி.

“தமிழில ஒரு எழுத்தும் தெரியாமல் கனடாவுக்குப் போய் இறங்கப்போறாள். பிறகு நீ தலைகீழாய் நிண்டாலும் ஏறாது” என்று நான் ஏசினேன்.

“தெரியட்டும் அக்கா. ஆர் வேண்டாம் எண்டது? ஏடு தொடக்காமல் எழுதக்கூடாது, அவ்வளவுதான்.”

அந்த ‘அவ்வளவுதான்’ என்ற இடத்தில்தான் எனக்கு வழி கிடைத்தது. எழுதத்தானே கூடாது? கலர் அடிக்கலாமே. கந்தோரில் ஓய்வு நேரத்தில் இணையத்தில் தேடினேன். பக்கத்துக்கு ஒரு எழுத்து, ஒரு படம். தாராளமாகக் கிடந்தன. போனில் இறக்கி, காலி வீதியில் இருக்கும் கொமியூனிகேஷன் கடையில் பிரின்ட் எடுத்தேன். கடைக்காரி சிங்களப் பெண், என்னிலும் இளையவள். “நங்கி, களு சுது” என்பேன். தங்கச்சி, கறுப்பு வெள்ளையில் போதும் என்று அர்த்தம். அவள் தாளைச் சூட்டோடு எடுத்துத் தரும்போது, “பபாட்டத?” என்று கேட்பாள், குழந்தைக்கா என்று. ஓம் என்று தலையாட்டுவேன். தலை கொஞ்சம் அதிகமாகவே ஆடியிருக்கும்.

தங்கை தாள்களை வாங்கி ஒரு நீதவானைப்போலப் பார்த்தாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள். படத்துக்கு எந்தக் கலரும் அடிக்கலாம். எழுத்துக்குள் பேஸ்டல் போனால் அதுவும் எழுதினமாதிரித்தான். எழுத்து வெள்ளையாக இருக்க வேண்டும். ஏடு தொடக்கின அன்றைக்குப் பின்னேரம் எல்லாத் தாளையும் எடுத்து வைத்து எழுத்துகளை நிரப்பலாம்.

இப்படியும் ஒரு படிப்பு உண்டா என்று கேட்காதீர்கள். அந்தப் படிப்பு நன்றாகவே நடந்தது. எழுத்தின் விளிம்புவரை போய் நிற்பதற்காக அவள் அதன் ஒவ்வொரு வளைவையும் அவ்வளவு கவனமாகப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக இருப்போம். எனக்கும் ஒரு தாள் தருவாள். என் கை எப்போதும் கோட்டைத் தாண்டிவிடும். “பெரியம்மா, எழுத்தில முட்டப்போகுது” என்று தன் கையை இடையில் வைத்துத் தடுப்பாள். உரலைப் பார்த்து இதென்ன என்று கேட்டாள். மிக்சியின் பெரியப்பா என்றேன். அன்றிலிருந்து மிக்சி போடும்போதெல்லாம் அதன் பெரியப்பா எங்கே என்று விசாரணை. கொஞ்ச நாளில் பஸ் போர்டில் ஔ-வின் பின்பாதியைக் கண்டேன், ஆனால் முன்னுக்கு ஒ-வுக்குப் பதிலாக வேறேதோ முளைத்திருக்கிறது என்று சொல்லத் தொடங்கினாள். தெஹிவளை என்று நான் வாசித்துக் காட்டுவேன். கையால் ஒரு எழுத்தும் எழுதாமல் கண்ணால் பன்னிரண்டையும் பிடித்துவிட்டாள்.

ஐ-க்கு ஐவர் என்று ஐந்து பேர் வரிசையாக நிற்கும் படம் இருந்தது. அவள் உடனே ஆட்களைப் பிரித்துக் கொடுத்தாள். அம்மா, பெரியம்மா, தான், அப்பா. ஐந்தாவது ஆளுக்குத் தட்டுப்பாடு. கொஞ்ச நேரம் பேஸ்டலைக் கடித்துவிட்டு, பிரின்ட் எடுக்கும் ஆன்டியைச் சேர்த்துக்கொண்டாள். எல்லோருக்கும் சட்டை, பாவாடை, செருப்பு எல்லாம் கலர் அடித்தாள். அப்பாவுக்கு மட்டும் தலையும் தோளும் நெஞ்சும் அடித்து நிறுத்திவிட்டாள்.

“ஏன் செல்லம், அப்பாவை முடிக்கேல்லையா?”

“முடிஞ்சுது. அவ்வளவுதானே அப்பா.”

தகப்பன் கனடாவுக்குப் போனபோது இவள் தாயின் வயிற்றில் இருந்தாள். அவள் அறிந்த அப்பா போனில் தெரியும் அளவுதான். தங்கை தாளைப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். நான் தாளை மற்றத் தாள்களோடு சேர்த்து வைத்தேன்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு அவித்துக்கொண்டே தங்கை சொன்னாள்: “அக்கா, விஜயதசமிக்குக் கோயில்ல ஐயரிட்டச் சரியான சனமாயிருக்கும். வீட்டிலயே வைப்பம். நீங்களே மடியில வைச்சுத் தொடக்கிவிடுங்கோ.”

இது மற்றவர்களுக்குச் சின்ன விஷயம். எனக்கு அப்படியில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாத ஒருத்தியை நல்ல காரியத்தில் முன்னுக்குக் கூப்பிடுவதில்லை. வெளியே போ என்றும் சொல்வதில்லை. பால் காய்ச்ச விடுவார்கள், வந்தவர்களுக்குத் தட்டம் நீட்ட விடுவார்கள், படம் எடுக்கும்போது கமெராவைக் கையில் தருவார்கள். நானும் அதை வைத்துப் பகிடி விட்டே காலத்தை ஓட்டியவள். “பாப்பம்” என்றேன், பெரிய மனுஷிபோல. அடுத்த நாளே அம்மாவின் பித்தளைத் தட்டைத் தேடி எடுத்து, புளி போட்டு மினுக்கினேன். பச்சரிசி வாங்கித் தனிப் போத்தலில் போட்டேன். பிள்ளையை அடிக்கடி மடியில் இருத்தி அவள் சுட்டுவிரலைப் பிடித்துப் பார்ப்பேன். பேஸ்டல் மெழுகு ஒட்டிய சின்ன விரல். நவராத்திரிக்காக அந்த வருடம் நான் காத்திருந்ததுபோல வேறெதற்கும் காத்திருந்ததில்லை.

விசா வந்துவிட்டது. ஆவணி முடிவதற்குள் வந்துவிட்டது. பக்கத்து வீட்டார் கேக் கொண்டுவந்தார்கள். தங்கை அழுது சிரித்தாள். நானும் சிரித்தேன், எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. டிக்கெட் போட்ட நாளைக் கேட்டதும் கலண்டரைப் பார்த்தேன். நவராத்திரி தொடங்கமுதலே போகிறார்கள்.

“நாளைக்கே தொடக்குவம். நல்ல நாள் ஒண்டு பாத்தால் சரிதானே” என்றேன்.

தங்கை எனக்கு முகம் கொடுக்காமல் உடுப்பு மடித்தாள். “இவ்வளவு நாள் விஜயதசமிக்கெண்டு பொத்திப் பொத்தி வைச்சிட்டு, இப்ப போய் அவசரத்தில செய்யிறதே அக்கா? அங்கயும் கோயில் இருக்குத்தானே. அவரும் ஆசைப்படுறார்.”

அவர் ஆசைப்படுகிறார் என்ற பிறகு நான் என்ன கதைக்க? பிள்ளையின் தகப்பன். அதுவரை ஒருநாளும் அவளைத் தூக்கியிராத மனுஷன். கோபம் வந்தது, ஆனால் அதைக் கொண்டுபோய்ப் போட ஒரு இடம் இல்லை. பால்கனியில் உடுப்பு எடுக்கப் போனவள் கடலோரத் தண்டவாளத்தில் கோச்சி இரண்டு போகும்வரை அங்கேயே நின்றேன்.

சூட்கேசுகளில் மிளகாய்த்தூளும் வடகமும் பனம் பினாட்டும் ஏறின. தாள்களுக்கு இடம் இல்லை. புறப்படும் அன்று காலை பிள்ளையே அந்தக் கட்டைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். “பெரியம்மா, வடிவா வைச்சிருங்கோ. எழுத்தில ஒண்டும் அடிச்சிடாதீங்கோ. எனக்கு இன்னும் ஏடு தொடக்கேல்ல” என்றாள். சரி என்றேன். அலுமாரியின் மேல் தட்டில் வைத்தேன்.

அதன் பிறகு வீட்டுக்கு ஓடிவர வேண்டிய அவசரம் இல்லை. கடையைத் தாண்டும்போது கடைக்காரி, பபா எங்கே என்று கேட்டாள். போய்விட்டாள் என்றேன். அவளுக்கும் பழகின பதில்தான், இந்தப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறவளாயிற்றே. ஆனாலும் “அனே” என்றாள், ஐயோ பாவம் என்பதுபோல. அந்த ஒரு சொல்லுக்கு நான் வீதியில் நின்று அழப் பார்த்தேன்.

விஜயதசமியன்று படம் வந்தது. கனடாவில் ஏதோ ஒரு கோயில் மண்டபம், பட்டுப் பாவாடை, தட்டில் அரிசி. பிள்ளை தகப்பன் மடியில் இருந்தாள். அவர் அவள் விரலைப் பிடித்திருந்தார். குனிந்த தலை, மடித்த கால், வேட்டி, எல்லாம் சேர்ந்த முழு மனிதர். நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி விரலை மட்டும் பார்த்தேன். அதைப் பிடிக்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று அப்போது எவரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். “நல்ல வடிவு” என்று பதில் அனுப்பிவிட்டு, போத்தலில் இருந்த பச்சரிசியை ஊறப்போட்டேன். அடுத்த நாள் தோசைக்கு ஆனது.

போன ஞாயிறு பின்னேரம் அவள் வீடியோவில் வந்தாள். அங்கே காலை. அப்பாவோடு போய்ப் புதிதாகப் பிரின்ட் எடுத்தார்களாம், அதே ஐவர். இந்த முறை ஐ-யும் நீலத்தில் நிறைந்திருந்தது. “ஏடு தொடக்கியாச்சு, இனி அடிக்கலாம். நீங்களும் உங்கட தாள்களில அடியுங்கோ பெரியம்மா, இனி ஒண்டும் செய்யாது” என்று எனக்கு அனுமதி தந்தாள். தாளைக் கமெராவுக்குக் கிட்டப் பிடித்து ஆட்களைக் காட்டினாள். அம்மா. தான். பிரின்ட் ஆன்டியை விடவில்லை. அப்பாவுக்கு முழுக்கலர், காலில் பெரிய குளிர்ச் சப்பாத்து வேறு.

கடைசியில் நின்ற பெண்ணுக்குத் தலை இருந்தது, தோள் இருந்தது, நெஞ்சுவரை மஞ்சள் சட்டை இருந்தது. அதற்குக் கீழே வெள்ளை.

எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் கேட்டேன். “பெரியம்மாவை ஏன் முடிக்கேல்ல?”

“முடிஞ்சுது” என்றாள்.

நான் போனைச் சாப்பாட்டு மேசையில் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தேன். பின்னால் போனேன். இன்னும் பின்னால், பால்கனிக் கதவு முதுகில் முட்டும்வரை போனேன். சேலைக் கரையும் பாதமும் தெரிய நிமிர்ந்து நின்றேன்.

“இப்ப தெரியுதே? கால் தெரியுதே?”

அவள் உதடு அசைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, கீழே கோச்சி போய்க்கொண்டிருந்தது. நான் இன்னும் சத்தமாகக் கேட்டேன். அவள் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து, கையைக் காதில் வைத்துக் காட்டினாள். கோச்சி போன பிறகுதான் அவள் குரல் கேட்டது.

“பெரியம்மா, நீங்க கதைக்கிறது ஒண்டும் கேக்கேல்ல. அங்க நிக்காதீங்கோ. கிட்ட வாங்கோ.”

நான் கிட்டப் போனேன். திரையின் மூலையில் இருந்த சின்னக் கட்டத்தில் என் பாதம் போனது, சேலை போனது, இடுப்புப் போனது. மேசைக்கு வந்து இருந்தபோது நெஞ்சுவரை மட்டும் இருந்தேன்.

“இப்ப சரி” என்றாள் பிள்ளை.