கொட்டேஷன் படம் பார்த்த கதை

அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அலுவலகத்தில் அது யாருக்கும் ஞாபகமில்லை. கொள்முதல் பிரிவில் இருந்த காலம் முழுக்க, மூன்று கடையில் விலை கேட்காமல் ஒரு துடைப்பத்தைக்கூட அவர் உள்ளே விட்டதில்லை. அதனால் 'கொட்டேஷன்' என்றே நிலைத்துவிட்டது. அவர் அலசி ஆராய்ந்து வாங்கிப்போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்தவர்களெல்லாம் முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்தார்கள் என்பது வேறு விஷயம்.

ஓய்வு பெற்றதும் கூடத்து ஜன்னலோரம் ஒரு கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. வெளிநாட்டில் இருந்த மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. படங்கள் வந்து குவிந்தன.

"திறங்களேன், பேத்தி முகத்தைப் பாக்கணும்" என்றாள் மனைவி.

"அவசரப்படாதே. படம் பாக்கறதுக்குன்னே இலவசமா ஏகப்பட்ட மென்பொருள் இருக்கு. எது நல்லதுன்னு பாத்துதான் போடணும்."

"இலவசம்தானே, ஏதாவது ஒண்ணைப் போடுங்க."

"இலவசம்னாதான் உஷாரா இருக்கணும்."

உண்மையில் அந்தச் சொல் அவரைக் கலங்கடித்திருந்தது. விலையே இல்லாத சரக்கில் எதைக் குறைத்துக் கேட்பது? ஆகவே மற்ற எல்லாவற்றிலும் குறை கண்டுபிடித்தார். ஒன்று சட்டென்று திறந்தது, பொத்தான்கள் பார்க்கச் சகிக்கவில்லை. இன்னொன்று லட்சணமாக இருந்தது. ஆனால் நிறுவும்போது படித்துப் பார்க்காமல் 'சரி, சரி' என்று தட்டியதில், வானிலை சொல்லும் கிளி ஒன்றும் கூடவே வந்து திரையின் மூலையில் குடியேறியது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது அது பனிப்பொழிவு என்றது. கிளியை விரட்ட வேறொரு மென்பொருளை இறக்கினார். அது தன் பங்குக்கு ஒரு சீட்டாட்டத்தைக் கூட்டிவந்தது.

சோதித்துப் பார்க்க அவர் எடுத்துக்கொண்டது பேத்தியின் படத்தை அல்ல. "குழந்தை முகம் வழவழன்னு இருக்கும், மீசை இருந்தாதான் துல்லியம் தெரியும்" என்று மனைவியின் தம்பி படத்தைத் தேர்ந்தெடுத்தார். கார் விற்கும் நிறுவனத்தில் மேலாளராக இருந்த அந்த மனிதர், வயிறு முட்டச் சாப்பிட்டுக் கொட்டாவி விட்டபோது யாரோ எடுத்த படம் அது.

ஆறேழு மாதம் இப்படியே ஓடியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மைத்துனரே சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். திரையில் பாதி அவர் வாய். மீதிப் பாதியில் கறுப்பாக ஏதோ ஒன்று.

"என்ன அத்தான் இது, குகையா?"

"உன் மூக்குதான் மாப்ளே. எந்த மென்பொருள்ல முடி தனித்தனியா தெரியுதுன்னு பாக்கறேன்."

கோபித்துக்கொண்டு கிளம்பியிருந்தால் அது கௌரவம். மைத்துனரோ நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "இதுல நரைச்ச மீசையைக் கறுப்பாக்க முடியுமா?"

ஒரு மென்பொருளில் முடிந்தது. பொழுது சாயும்வரை இரண்டு பெரிய மனிதர்களும் மீசைக்கு மை பூசினார்கள். பல்லும் சேர்ந்து கறுத்தது.

அந்நேரம் மகளிடமிருந்து போன் வந்தது. "அப்பா, பாப்பா யார் ஜாடை?"

கொட்டேஷன் தொண்டையைக் கனைத்தார். "எந்த மென்பொருள்னு இன்னும் முடிவாகலைம்மா."

மனைவி போனைப் பிடுங்கினாள். "அவ அப்படியே உன் ஜாடைடி. கடைசியா அனுப்பினதுல பல்லு எட்டிப் பாக்குதே, கடிக்கிறாளா?"

அவள் பேசி முடித்துப் போனை வைக்கும்வரை அவர் பொறுத்திருந்தார். பிறகு கேட்டார், "நீ எப்ப பாத்தே?"

"தினமும் நீங்க மத்தியானம் குறட்டை விடறப்ப. படத்து மேல ரெண்டு தட்டு தட்டினா தானா திறக்குது."

"எந்த மென்பொருள்ல?"

"யாருக்குத் தெரியும்? நான் குழந்தையைப் பாத்தேன்."

மைத்துனர் செருப்பைத் தேடினார்.

மறுநாள் மனைவி கடைக்குப் போன சமயம் பார்த்து, கொட்டேஷன் முதன்முறையாகப் பேத்தியின் படம் ஒன்றைத் திறந்தார், பல் முளைக்குமுன் எடுத்தது. பொக்கை வாயால் சிரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அப்புறம் கை சொன்னபடி கேட்கவில்லை. கன்னத்தைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார்.

குழந்தை அழகாக இருக்கிறாள் என்று சொல்லத்தான் மகளைக் கூப்பிட்டார். வாயில் வந்தது, "பாப்பா கன்னம் கட்டம் கட்டமா தெரியுதேம்மா."

மகள் போனை வைத்துவிட்டாள். அதன்பின் படங்களெல்லாம் நேராக அம்மாவின் போனுக்கே வந்தன.