நீலக் கதவு வீடு வேண்டாம் என்றேன்

மரக்காணம் வீட்டுக்கு நாளை ரெஜிஸ்ட்ரேஷன். கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று இன்று காலை போனேன்.

சுனாமித் தண்ணீர் நின்ற உயரம் வரைக்கும், புதுச் சுண்ணாம்பையும் மீறிச் சுவரில் உப்பு பூத்திருந்தது. உப்பளத்து ஊரில் உப்புக்குப் பயந்தால் முடியுமா?

கிளம்பும்போது வீட்டுக்கார அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சார், கதவுக்கு மட்டும் வேற பெயின்ட் அடிச்சிடாதீங்க."

"ஏங்க்கா?"

"என் தம்பி அடிச்ச நீலம் சார். அவன அலை இழுத்துட்டுப் போச்சு, டிசம்பர் வந்தா ஒரு வருஷம் ஆவுது. பாடி கிடைக்கல. தெருவே மாறிப்போச்சு. வந்தான்னா இந்தக் கதவ வச்சித்தான் கண்டுபிடிப்பான்."

பிறகு ஒரு சீட்டை என் கையில் வைத்தார். திண்டிவனத்தில் அவர்கள் குடிபோகும் அட்ரஸ்.

"கதவு தட்டினா இதக் குடுத்துடுங்க சார்."

அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு ராத்திரிகூட என்னால் தூங்க முடியாது. "வீடு வேண்டாங்க்கா, மன்னிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

மனைவியிடம் வாஸ்து சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

சட்டையைக் கழற்றும்போதுதான் பார்த்தேன், சீட்டு என் பாக்கெட்டிலேயே இருக்கிறது. வீட்டை விட்டுவிட்டு, சீட்டைக் கொடுக்கும் வேலையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

நீங்களாக இருந்தால் இதைக் கிழித்துப் போடுவீர்களா?