மஞ்சள் தடவாத நோட்டீஸ்

நார்வேயிலிருந்து வந்தவனுக்குக் கொடைக்கானலில் குளிருகிறது என்றால் யார் நம்புவார்கள்? என் அக்காவே நம்பவில்லை. விடுமுறைக்கு வந்த முதல் நாள் காலை, அட்டுவம்பட்டி வீட்டுச் சமையலறையில் இரண்டு ஸ்வெட்டர், ஒரு கம்பளி, மஃப்ளர் சகிதம் அடுப்போரம் ஒண்டிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவள், போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினாள். அங்கே பனியெல்லாம் கதவுக்கு வெளியேதான், வீட்டுக்குள் அரைக்கைச் சட்டையோடு திரியலாம், இங்கே தை மாதக் குளிர் நம்மோடு சேர்ந்து சாப்பிட உட்காருகிறது என்று நான் விளக்க விளக்க, அவர்களுக்குச் சிரிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. வெளிநாட்டில் இருக்கும் உங்களில் பலருக்கும் இது நடந்திருக்கும். சொந்த ஊர் நம் தோலுக்குத்தான் முதலில் மறந்துபோகிறது.

என் அக்கா சாந்தி, பள்ளியில் கணக்கு டீச்சர். அந்த வருடம் ஊர்ச் சேவைச் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. மாதம் ஒரு கூட்டம், மாதத்துக்கு நான்கு திட்டம். வந்த வாரமே என்னையும் கூட்டத்துக்கு இழுத்துப் போனாள். ஐந்து மணிக்கு என்று போட்டிருந்த கூட்டம் ஆறேகாலுக்கு மணியடித்துத் தொடங்கியது. அதற்குள் வாழைக்காய் பஜ்ஜி இரண்டு ஈடு முடிந்திருந்தது. பிறந்தநாள் வாழ்த்து, திருமணநாள் வாழ்த்து, பொன்னாடை, போன மாத அறிக்கை என்று வரிசையாகப் போயிற்று. போன மாதம் மரக்கன்று நட்டார்களாம். புகைப்படத்தில் ஒரே ஒரு கன்றைப் பதினொரு கைகள் பிடித்துக்கொண்டிருந்தன. அந்தக் கன்று இப்போது எப்படி இருக்கிறது என்று நான் கேட்டது தப்பாகிவிட்டது. காட்டுமாடு தின்றுவிட்டது என்று செயலாளர் வருத்தமே இல்லாமல் சொன்னார். வருடா வருடம் அது தின்கிறதாம், இவர்களும் வருடா வருடம் நடுகிறார்களாம். குழி மட்டும் அதே குழி, புதிதாக வெட்டும் வேலை மிச்சம்.

அந்த மாதத் திட்டங்களில் மூன்று சின்ன வேலைகள்: ஏரிக்கரையில் பிளாஸ்டிக் பொறுக்குவது, பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு கொடுப்பது, துப்புரவுப் பணியாளர்களுக்கு ஸ்வெட்டர் கொடுப்பது. நான்காவதுதான் பெரியது. மலைக்குள் தள்ளியிருக்கும் மன்னவனூர் கிராமத்தில் இலவசக் கண் முகாம். சமவெளியிலிருந்து ஒரு கண் மருத்துவமனை டாக்டரையும் பஸ்ஸையும் அனுப்பும். புரை விழுந்தவர்களை அன்றே கீழே கூட்டிப்போய் அறுவை செய்து, கண்ணாடி போட்டுத் திருப்பிக் கொண்டுவந்து விடும். மலையேறி அவ்வளவு தூரம் வருவதால் அவர்கள் ஒன்றைக் கறாராகச் சொல்லியிருந்தார்கள். பரிசோதனைக்கு நூறு பேராவது வரவேண்டும், வராவிட்டால் அடுத்த வருடத்திலிருந்து மன்னவனூர் கிடையாது. பிறகு அங்கே கண் மங்கியவர்கள் தாங்களாகவே பஸ் மாறி மாறிக் கீழே போகவேண்டியதுதான். தோட்ட வேலையை விட்டுவிட்டு எத்தனை பேர் போவார்கள்?

முந்தைய தலைவர் இந்த முகாமுக்காக ஒரு வாரம் மன்னவனூரில் வீடு வீடாக ஏறி இறங்குவாராம். கையில் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய அழைப்பிதழ் இருக்குமாம். கண் முகாமுக்கு, கல்யாணப் பத்திரிகை போல! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அங்கேதான் என் வாய் சும்மா இருக்காமல் நார்வேயை எடுத்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கே உரிய வியாதி இது.

நான் இருக்கும் ஊர் கடலோரத்துச் சின்ன ஊர். மீன் ஆலையில் குளிர்பதன இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே ‘டுக்னாட்’ என்று ஒன்று உண்டு. தெருவே கூடி ஒரு நாள் கூலியில்லாமல் பொதுவேலை செய்வது. வேலி அடிப்பார்கள், சருகு வாருவார்கள், விளையாட்டுத் திடலுக்குச் சாயம் பூசுவார்கள். தலைவர் இல்லை, மேடை இல்லை, நன்றியுரை இல்லை. தபால் பெட்டியில் ஒரு துண்டுக் காகிதம் விழும். சனிக்கிழமை பத்து மணி என்று அதில் இருந்தால் பத்து மணிக்கு ஊரே மண்வெட்டியோடு நிற்கும். இதையெல்லாம் கூட்டத்தில் நான் சொன்னபோது பஜ்ஜி தின்றவர்கள்கூடத் தின்பதை நிறுத்திக் கேட்டார்கள். ஒரு நோட்டீஸ் அடிப்போம், பஸ் ஸ்டாப்பிலும் ரேஷன் கடையிலும் ஒட்டுவோம், வாட்ஸ்அப்பில் அனுப்புவோம், தீர்ந்தது என்றேன். ஒரு வாரம் மிச்சம் என்றேன். அக்கா மட்டும், "ஏலே, ஆள் வருமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். வராமல் எங்கே போவார்கள், கண் அவர்களுடையதுதானே என்று நான் மடக்கிவிட்டேன்.

முகாம் நாள் வெள்ளனே கிளம்பி எட்டு மணிக்கெல்லாம் மன்னவனூர் போய்ச் சேர்ந்தோம். பள்ளிக்கூடத்தில் நாற்காலி போட்டாயிற்று, பானர் கட்டியாயிற்று, டாக்டரும் வந்துவிட்டார். பத்து மணிக்கு நான் எண்ணிப் பார்த்தேன். ஐந்து பேர். அதில் ஒருவர் தலைமையாசிரியர். இன்னொருவர் டீக்கடைக்காரர். அவருக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது, பல் வலிக்கிறது, அதைப் பார்ப்பீர்களா என்று கேட்க வந்திருந்தார். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மதியம் ஒரு மணிவரை இருப்பேன் என்றார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. எதிர்ச் சரிவில் பூண்டுத் தோட்டங்களில் பெண்கள் வரிசையாகக் குனிந்து களையெடுத்துக்கொண்டிருப்பது அங்கிருந்தே தெரிந்தது. நீ அந்தப் பக்கம் போ, நான் ஊருக்குள் போகிறேன் என்று அக்கா நடந்துவிட்டாள்.

தோட்டத்தில் ஆட்களைக் கூட்டிவந்து களையெடுக்க விடுவது மாயக்கா. அறுபதை ஒட்டிய வயது. அவர் ஒரு சொல் சொன்னால் அந்த இருபது பெண்களும் எழுந்து வருவார்கள், அவர்கள் பின்னால் அவர்கள் வீட்டு ஆட்களும் வருவார்கள் என்று டீக்கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். போய் நின்றேன். அவர் நிமிர்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் என் குரல் வந்த பக்கமாகப் பார்த்தார். இடது கண்ணில் வெள்ளையாகப் புரை படர்ந்திருந்தது, வலது கண்ணிலும் தொடங்கியிருந்தது. களைக்கும் பூண்டுக்கும் வித்தியாசத்தை விரலால் தடவித்தான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். முகாமே இவருக்காகத்தான் நடக்கிறது, இவர் இங்கே குனிந்துகொண்டிருக்கிறார்.

நோட்டீஸ் பார்க்கவில்லையா என்று கேட்டேன். மருமகள் படித்துச் சொன்னாளாம். பிறகு ஏன் வரவில்லை என்று கேட்டதும் அவருக்கே ஆச்சரியமாகிவிட்டது.

"கூப்பிடாம எப்படிங்க தம்பி வர்றது? போன வருசம் வீட்டுக்கு வந்து மஞ்ச தடவுன காயிதம் குடுத்துக் கூப்பிட்டாங்க. அன்னைக்கு எங்க வீட்டுல ஒரு சாவு, போக முடியல. இந்த வருசம் யாருமே வரலை. சரி, எங்களுக்கு இல்ல போலன்னு சோலியப் பாக்க வந்துட்டோம்."

எல்லாரையும்தான் கூப்பிட்டிருக்கிறோம், நோட்டீஸில் ‘அனைவரும் வருக’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறதே என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டேன். பதினேழு வருடத்துக்கு முன்னால் நடந்த ஒன்று நினைவுக்கு வந்து என் காது சூடாகியது.

நார்வே போன புதிது. என் தபால் பெட்டியிலும் அந்த டுக்னாட் காகிதம் விழுந்தது. அகராதி வைத்துப் படித்தேன். சனிக்கிழமை ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரு முழுக்க வேலை செய்துகொண்டிருந்தது. நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். ஒருவராவது கதவைத் தட்டி, வா என்று சொல்லட்டும், ஓடிப்போகிறேன் என்று சட்டை மாற்றித் தயாராகக் காத்திருந்தேன். மாலைவரை யாரும் தட்டவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டு ஆர்னே, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தான். யாரும் என்னைக் கூப்பிடவில்லையே என்றேன். அவன் என்னை விநோதமாகப் பார்த்து, காகிதம் வரவில்லையா என்றான். வந்தது என்றேன். பிறகென்ன என்றான். அவனுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. இருவரும் வானிலை பற்றிப் பேசிவிட்டுப் பிரிந்தோம். அன்று அழாத குறையாக உட்கார்ந்திருந்தவன்தான், இப்போது ஒரு ஊருக்கே காகிதம் போட்டுவிட்டு வந்து நிற்கிறேன். வெட்கமாக இருந்தது.

மாயக்காவைப் பார்த்துக் கைகூப்பினேன். அக்கா, தப்பு என்மேல்தான், இப்போது நேரில் கூப்பிடுகிறேன், எல்லாரும் வரவேண்டும் என்றேன். மாயக்கா உடனே எழுந்துவிடவில்லை. நீங்கள் யார், எந்த ஊர் என்று விசாரித்தார். டீச்சரின் தம்பி, வெளிநாட்டில் இருக்கிறேன் என்றேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். மற்ற பெண்களும் களைக்கொத்தை வைத்துவிட்டு அவர் வாயையே பார்த்தார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கூப்பிட்டு நான் வந்தா, நாளைக்கு நான் கூப்பிட்டா நீங்க வரணும். அதுதான முறை. நீங்களே ஊருக்கு விருந்தாளி. விருந்தாளி கூப்பிட்டு நான் எப்படி வர்றது?"

மணி பதினொன்றரை. அக்காவைத் தேடிக் கூட்டிவர நேரமில்லை. நீங்கள் கூப்பிடுங்கள், நான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. மாசி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பேரனுக்குக் காதுகுத்து, மஞ்சள் தடவிய பத்திரிகை இன்னும் அடிக்கவில்லை, நேரிலேயே கூப்பிட்டுவிட்டேன், கட்டாயம் வரவேண்டும் என்றார். என் டிக்கெட் மாசி இரண்டாவது வாரத்துக்கு. அது எனக்கு நன்றாகவே தெரியும்.

"வர்றேங்க," என்றேன்.

"ஏ, எல்லாரும் எந்திரிங்கடி. களை எங்கயும் ஓடிறாது, கெடக்கட்டும்," என்று மாயக்கா வரப்பில் ஏறினார்.

பன்னிரண்டரைக்குள் பள்ளிக்கூடத்தில் நிற்க இடமில்லை. நூறைத் தாண்டியதும் டாக்டரே எண்ணுவதை விட்டுவிட்டார், ஒரு மணிக்குப் போகிறேன் என்றவர் மூன்றரை வரைக்கும் இருந்தார். அடுத்த வருடமும் வருகிறோம் என்று அக்காவிடம் சொன்னார். புரை அறுவைக்குத் தேர்வானவர்களில் மாயக்காவும் ஒருவர். பஸ் ஏறும்போது படியைக் காலால் துழாவியபடி, மறந்துவிடாதீர்கள் என்று என் பக்கமாகத் திரும்பிச் சொன்னார். திரும்பி வருகிற வழியில் அக்கா, அந்த மனுஷியை எப்படி எழுப்பினாய் என்று கேட்டாள். பேச்சுத் திறமைதான் என்று சொல்லி வைத்தேன். டிக்கெட்டை மாற்ற ஒரு தடவை உண்மையாகவே முயன்று பார்த்தேன், ஆலையில் விடுப்பை நீட்டித் தரவில்லை. மன்னவனூர் போய் வரமுடியாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளி, சொல்லாமலே விமானம் ஏறிவிட்டேன்.

மாசிக் கடைசி ஞாயிறு. நார்வேயில் காலை ஒன்பது மணி, மன்னவனூரில் மதியம் ஒன்றரை. அக்காவிடமிருந்து போன். பின்னால் மைக் செட் பாட்டும் பந்திச் சத்தமும். அவளையும் கூப்பிட்டிருக்கிறார்கள், போயிருக்கிறாள்.

"ஏலே, நீ வர்றேன்னு சொன்னியாமே?"

போனோடு ஜன்னலோரம் போய் நின்றேன்.

"மாயக்கா இன்னும் சாப்பிடல. பஸ் ஸ்டாப்புல நின்னு இறங்குற ஒவ்வொரு ஆளையும் மூஞ்சி மூஞ்சியாப் பாத்துக்கிட்டு இருக்கு. உன் மூஞ்சி எப்படி இருக்கும்னே அதுக்குத் தெரியாது. இப்பத்தான் கண்ணு நல்லாத் தெரியுதே, பாத்தாக் கண்டுபுடிச்சிருவேங்குது. என்னால சொல்ல முடியலப்பா, நீயே சொல்லு."

பாட்டுச் சத்தம் தேய்ந்தது, அக்கா பஸ் ஸ்டாப்புக்கு நடந்திருக்க வேண்டும், போன் கை மாறியது. வெளியே ராத்திரி பெய்த பனி என் வாசற்படி இரண்டை மூடியிருந்தது. அப்பால் கடல் கறுப்பாக அசையாமல் கிடந்தது.

"தம்பி, மாயக்கா பேசுறேன். எங்க வந்துக்கிட்டு இருக்கீங்க? பூம்பாறை தாண்டியாச்சா?"

பூம்பாறை, கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் வரும் பாதையில் பாதித் தூரம்.

"இன்னும் தாண்டலைங்கக்கா," என்றேன்.

"சரி, வெரசா வாங்க. நீங்க வந்தப்புறம்தான் நானும் சாப்பிடுவேன்."